எழுதியது போகாதிருக்க: வலைப்பூவுக்கு மறுபிரதி

2023 ஓகஸ்ட் கடைசியில் இலங்கை அரசின் கிளவுட் கணினிகளுக்குள் ரான்சம்வெயார் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்கும் கள்ள மென்பொருள் அது. அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களை இழந்தன. சேவையை அரை நாளுக்குள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். கடிதங்களைக் கொண்டுவர முடியவில்லை. அந்த நூறு நாட்களுக்குரிய பிரதி, தாக்கப்பட்ட வலையமைப்புக்கு வெளியே எங்குமே இருக்கவில்லை. இனித் தினமும் வெளியே ஒரு பிரதி எடுத்து வைப்போம் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளியில் லயக் காம்பராவில் உட்கார்ந்து போனில் வலைப்பூ எழுதுகிறவருக்கு அரசாங்கத்தின் ஆளணியும் இல்லை, பணமும் இல்லை. ஆனாலும் அரசாங்கம் செய்யத் தவறியதை அவர் ஒரு பின்னேரத்தில் செய்து முடிக்கலாம். பத்து வருடம் எழுதிய வலைப்பூவாக இருந்தாலும் எழுத்து மட்டும் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். படங்களையும் சேர்த்தால் பெரும்பாலும் சில ஜிகாபைட், அவ்வளவுதான். ஒரு கலியாண வீடியோவுக்குப் பிடிக்கும் இடம்கூட அதற்குத் தேவையில்லை.

பிரதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை மலையகத்தாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன்னர் திருமணமானவர் 7 வருடமும் மற்றவர் 10 வருடமும் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்ததை நிரூபிக்கச் சொன்னது. யார் எந்த வருடம் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தார் என்பது செக்ரோல் என்ற பதிவேட்டில் இருந்தது. செக்ரோல் தோட்டத்து ஒபிஸில் இருந்தது. தொழிலாளியின் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இன்று நாம் இணையத்தில் எழுதுவதன் நிலையும் பெரிதாக மாறிவிடவில்லை. காமன் கூத்துப் பாட்டைக் கேட்டு எழுதியது நாம், பாட்டி சொன்ன கப்பல் கதையைத் தட்டச்சு செய்தது நாம், பழைய பாடசாலைப் படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டதும் நாம். அவை இருக்கும் ஒரே பிரதி மட்டும் யாரோ ஒரு நிறுவனத்தின் கணினியில்.

முதலில் எது மறுபிரதி அல்ல என்பதைப் பார்த்துவிடுவோம். பேக்கப் இல்லாமல் இழந்தவர்களைவிட, இருப்பதாக நம்பி இழந்தவர்கள் கதைதான் அதிகம் கற்றுத் தருகிறது.

ஜேர்னல்ஸ்பேஸ் என்று ஓர் அமெரிக்க வலைப்பூத் தளம் இருந்தது. 2008 முடிவில் அதன் தரவுத்தளம் முழுக்க அழிந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வன்தட்டுகளில் எழுதப்படும் ஏற்பாடு அங்கே இருந்தது, அதையே பேக்கப் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் தட்டில் அழிக்கப்பட்டது இரண்டாவதிலும் உடனுக்குடன் அழிந்தது. 2009 பிறந்ததும் தளத்தை மூடுவதாக அறிவித்தார்கள். 2021 மார்ச் 10ஆந் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையம் எரிந்தபோது, பேக்கப்புக்கென்றே பணம் கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பிரதி, மூலம் இருந்த அதே கட்டிடத்திலேயே இருந்தது பின்னால் வழக்கில் தெரியவந்தது. நீதிமன்றம் இழப்பீடு வாங்கிக் கொடுத்தது. தரவை எந்த நீதிமன்றமும் வாங்கிக் கொடுக்க முடியாது.

இதே விஷயம் நம்மூர் அளவில் எப்படி இருக்கும் என்றால், பதுளையில் ஏதாவது ஒரு கொமியூனிகேஷன் கடையில் நின்று இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“தம்பி, புளொக்குக்கு பேக்கப் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சுண்ணே. ட்ரைவ்ல போட்டு வச்சிருக்கேன்.”

“புளொக் எந்த ஜீமெயில்ல இருக்கு?”

“அதே ஜீமெயில்தாண்ணே.”

அப்படியானால் தம்பியிடம் பேக்கப் இல்லை. கடவுச்சொல்லைத் திருடினவன் இரண்டையும் அழிப்பான். கூகுள் அந்தக் கணக்கை முடக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். பிரதி இன்னொரு சாவியில் திறக்க வேண்டும், இன்னொரு கூரையின் கீழ் இருக்க வேண்டும், ஒரு தடவையாவது திறந்து பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த மூன்றுக்குள்தான் சுற்றுகிறது.

இனி வேலை. நம் பக்கத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கூகுளின் புளொக்கரில் இருப்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். இலவசம் என்பதற்காக அதை யாரும் குறைத்துப் பேசத் தேவையில்லை. வருடா வருடம் டொலரில் பணம் கட்டி நடத்தும் தளங்கள் கட்டுவதை நிறுத்தியதும் மறைந்துவிடுகின்றன. பழைய புளொக்கர் பக்கங்கள் இன்னும் திறக்கின்றன.

புளொக்கரின் அமைப்புகளில் வலைப்பூவை நிர்வகிக்கும் பகுதிக்குப் போனால், உள்ளடக்கத்தை பேக்கப் எடுக்கும் பொத்தான் இருக்கும். அது நேரே ஒரு கோப்பைத் தரலாம், அல்லது கூகுள் டேக்அவுட் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடலாம். எந்த வழியில் வந்தாலும் அந்தக் கோப்பில் இடுகைகள், தனிப் பக்கங்கள், வாசகர் எழுதிய குறிப்புகள் எல்லாம் இருக்கும். அந்த எழுத்துக் கோப்புக்குள் படம் இருக்காது. படம் இருக்கும் இணைய முகவரி மட்டும் இருக்கும். இதை அறியாமல் அந்த ஒரு கோப்பை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். மூல வலைப்பூ அழிந்து அதன் படங்களும் அழிந்தால், கோப்பிலிருந்து திருப்பி ஏற்றும் இடுகைகளில் படத்துக்குப் பதில் வெற்றுக் கட்டம்தான் வரும்.

ஆகவே நேரே டேக்அவுட்டுக்கே போங்கள். திறந்தவுடன் கூகுளில் உங்களுடையது எல்லாமே தெரிவாகியிருக்கும். அனைத்தையும் நீக்கிவிட்டு புளொக்கரை மட்டும் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மின்னஞ்சலும் யூடியூப் வீடியோவும் சேர்ந்து வந்து டேட்டாவை முடித்துவிடும். டேக்அவுட் தரும் சிப் கோப்புக்குள் படங்களுக்கும் தனியாக ஒரு கோப்புறை இருக்கும். தயாரானதும் மின்னஞ்சலில் இணைப்பு வரும், ஏறத்தாழ ஒரு வாரம்தான் அது வேலை செய்யும். வந்த அன்றைக்கே, இரவு டேட்டா மீதமிருந்தால் அதில், இறக்கிவிடுவது நல்லது. எங்கே அனுப்புவது என்று கேட்கும் இடத்தில் ட்ரைவ் என்றும் ஒரு தெரிவு உண்டு. மேலே தம்பி செய்த வேலை அதுதான். அதற்குப் பதில் வேறு கடவுச்சொல்லுள்ள டிராப்பொக்ஸையோ ஒன்ட்ரைவையோ கொடுக்கலாம். 2 மாதத்துக்கு ஒரு தடவை என ஒரு வருடத்துக்குத் தானாக எடுக்கும் வசதியும் அங்கே இருக்கிறது. அதைப் போட்டு வையுங்கள், ஆனால் வருடம் முடிந்ததும் அது சத்தமில்லாமல் நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

வலைப்பூவின் தோற்றத்தை மாற்றி அழகு பார்ப்பவராக இருந்தால், தீம் பகுதியில் அதற்கென்று உள்ள பேக்கப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். இடுகைகள் அதில் இல்லை, வார்ப்புரு மட்டும்.

வேர்ட்பிரஸ்ஸைத் தனி ஹோஸ்டிங்கில் வைத்திருப்பவருக்கு இரண்டு பொருள் வேண்டும்: தரவுத்தளம் ஒன்று, படங்களும் தீமும் பிளகின்களும் இருக்கும் உள்ளடக்கக் கோப்புறை மற்றொன்று. ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் பாதித் தளம்தான் எழும்பும். அப்டிராப்ட்பிளஸ் போன்ற இலவச பிளகின் இரண்டையும் நேர அட்டவணைப்படி எடுத்து வெளியே அனுப்பும். வெளியிடம் எதுவென்று நீங்கள் சொல்லாவிட்டால் எடுத்ததைத் தளம் இருக்கும் அதே சேர்வரிலேயே போட்டு வைத்திருக்கும். கருவிகள் பகுதியிலுள்ள ஏற்றுமதிக் கோப்பு எழுத்துக்கு மட்டுமே உதவும்.

பேஸ்புக்கையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. தேர்த்திருவிழா, மரண அறிவித்தல், பழைய மாணவர் சந்திப்பு என்று தோட்டங்களின் அண்மைக்கால வரலாற்றில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது. 2023இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களின் படங்களும் பேச்சும் எத்தனை பேருடைய பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். கணக்கு மையத்தில் உங்கள் தகவலை இறக்கும் வசதி உண்டு. கோப்பு வகையைக் கேட்கும்போது எச்டிஎம்எல் என்று கொடுங்கள். ஜேசன் என்று கொடுத்தால் தமிழெழுத்து உருக்குலைந்து வந்து சேரும். படத்தின் தரத்தை உயர்வாகவும், காலத்தை முழுவதற்குமாகவும் மாற்றிவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

எடுத்ததை எங்கே வைப்பது? பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சொல்லிப் பரவிய 3-2-1 கணக்கு ஒன்று உண்டு: மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், அவற்றில் ஒன்று வேறிடத்தில். புகைப்படக்காரர்களுக்காகச் சொன்னது வலைப்பூவுக்கும் பொருந்தும். இணையத்திலிருக்கும் மூலம் ஒன்று, வீட்டிலுள்ள வன்தட்டில் ஒன்று, தூரத்தில் இருக்கும் ஒருவரிடம் ஒன்று.

இதில் மூன்றாவதைப் பற்றித்தான் நான் வாதாட வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங்வெளிக்காரருக்குப் பதுளை டவுன் வேறிடம் அல்ல. நமுனுகுலப் பக்கம் அடிக்கும் மழை இரண்டையும் அடிக்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது, லயத்தோடு அதற்குள்ளிருந்த அத்தனையும் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மண்சரிந்தது, பாதை அறுந்தது, கரண்டும் போன் சிக்னலும் போயின. பக்கத்து டிவிஷனிலுள்ள மாமா வீட்டில் கொடுத்து வைத்த பென் ட்ரைவ் அப்படியான நாளில் உதவும் என்று சொல்ல முடியாது. கொழும்பில் வேலை செய்யும் தங்கச்சி, டோஹாவிலோ துபாயிலோ இருக்கும் நண்பர், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போய் நீலகிரியில் குடியேறிய சொந்தம் என்று ஊவாவுக்கு வெளியே ஒருவர் எல்லோருக்கும் இருப்பார். அவருடைய கணக்கில், அவருடைய கடவுச்சொல்லில் ஒரு பிரதி இருக்கட்டும்.

வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாதீர்கள், தரம் குறைந்துவிடும். சிப் கோப்பை டொக்கியூமண்ட் ஆக அனுப்புங்கள். அவர் அதை வட்ஸ்அப்பிலேயே விட்டுவிடாமல் எடுத்துத் தனியாகச் சேமித்தாரா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். போன் மாற்றும்போது முதலில் தொலைவது வட்ஸ்அப் கோப்புகள்தான்.

வீட்டுப் பிரதிக்குப் பென் ட்ரைவை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஊர் ஊராகக் கோப்பு கொண்டுபோக அது நல்லது, வருடக்கணக்கில் லாச்சிக்குள் வைக்க அல்ல. மின்சாரம் படாமல் நெடுநாள் கிடந்தால் அதிலுள்ளது மங்கிப் போகலாம். 64 ஜிபி என்று அச்சடித்துவிட்டு உள்ளே அதில் பாதிகூட இல்லாத போலிகளும் சந்தையில் உண்டு. அவை கோப்பை ஏற்றுக்கொண்டதுபோல் காட்டி, திறக்கும்போது கைவிரிக்கும். சிறியதொரு வெளி வன்தட்டு வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் மலைநாட்டு ஈரத்தைத் தாங்கும். வேலை முடிந்ததும் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி மின்னல். கம்பி வழியாக வரும் மின்னல் கணினியைக் கொல்லும்போது அதில் செருகியிருக்கும் பேக்கப்பையும் சேர்த்தே கொல்லும். ரான்சம்வெயாரும் அப்படித்தான். கழற்றி வைத்த தட்டை அது எட்டாது.

பாமினியில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கோயில் மலர், பாடசாலைச் சஞ்சிகை, கவிதைத் தொகுப்பு என்று நம் அச்சகங்களில் பல வருடம் எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் போயின. அந்தக் கோப்பை எத்தனை பிரதி எடுத்தாலும், எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். தேடினால் அகப்படாது. இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, யுனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் தவறும், ஒரு தடவை வாசித்துத் திருத்த வேண்டிவரும். பேஜ்மேக்கரில் இருப்பதைத் திறக்க இன்று பழைய கணினி தேட வேண்டும், கிடைக்கும்போதே பீடிஎப் ஒன்றும் வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றும் எடுத்துவிடுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

எவ்வளவு காலத்துக்கு ஒரு தடவை? கிழமைக்கு ஒன்று எழுதுகிறவருக்கு மாதம் ஒரு பேக்கப் போதும். தோட்டத்தில் சம்பளம் போடும் 10ஆந் திகதியை அதற்கு வைத்துக்கொண்டால் மறக்காது. தீம் மாற்றும் முன், பிளகின் புதுப்பிக்கும் முன், இன்னொருவருக்கு நிர்வாகி உரிமை கொடுக்கும் முன் கணக்குப் பார்க்காமல் ஒன்று. புதிய பிரதியைப் பழையதன் மேல் எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரியாமல் மூன்று மாதத்துக்கு முன் ஓர் இடுகை அழிந்திருந்தால், நேற்றைய பிரதியிலும் அது இருக்காது. கோப்பின் பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் திகதியைப் போட்டுக் கடைசி ஆறையாவது வைத்திருங்கள்.

அடுத்தது, பெரும்பாலானோர் செய்யாமல் விடுவது: திறந்து பார்ப்பது. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒருவர் தவறான சேர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு அவர்களிடம் இருந்தது. ஒன்றும் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. வேறு தேவைக்காகத் தற்செயலாக 6 மணித்தியாலம் முன்னர் எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. கணினியே தொழிலாக இருப்பவர்களின் நிலை இது. உங்களுக்கான சோதனை எளிது. புளொக்கரில் புதிதாக ஒரு வலைப்பூ தொடங்கி, பிறர் பார்க்க முடியாதபடி தனிப்பட்டதாக வைத்து, உங்கள் பேக்கப் கோப்பை அதில் ஏற்றுங்கள். கடைசி இடுகை வந்ததா, முதல் இடுகை வந்ததா, இரண்டுக்கும் நடுவே ஏதாவது ஒன்றில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பாருங்கள். டேக்அவுட் கோப்புறையிலுள்ள படங்களில் சிலவற்றைத் திறந்து பாருங்கள். வருடத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் போதும்.

கோப்பு பத்திரமாக இருந்து சாவி தொலைந்தால்? வெளிநாடு போகிறவர்கள் உள்ளூர் சிம்மை ரீலோட் பண்ணாமல் விட, இலக்கம் செத்துப்போகிறது. கூகுள் சரிபார்ப்புக் குறியீட்டை அந்த இலக்கத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். புறப்படும் முன் மீட்பு இலக்கத்தை மாற்றுங்கள், கூகுள் தரும் மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்துப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் சேர்த்து வையுங்கள். 2023 டிசெம்பர் முதல், இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கும் விதியையும் கூகுள் நடைமுறைப்படுத்துகிறது. இனி எழுதப்போவதில்லை என்று முடிவெடுத்தாலும் இடைக்கிடை உள்ளே போய் வாருங்கள்.

எழுதியவர் இறந்துபோன வலைப்பூக்கள் இன்னொரு வகை. பிள்ளைகளுக்குக் கடவுச்சொல் தெரியாது. செயலற்ற கணக்கு மேலாளர் என்று கூகுளில் ஒன்று இருக்கிறது. 3, 6, 12, 18 மாதம் என்று நீங்கள் தெரிவு செய்யும் காலத்துக்குக் கணக்கு தொடப்படாமல் இருந்தால், நீங்கள் பெயர் குறித்த 10 பேர் வரையானோருக்கு உங்கள் தரவை இறக்கிக்கொள்ளும் இணைப்பை அது அனுப்பும். வயதானவர்களின் கணக்கில் இதை முதல் வேலையாகச் செய்து கொடுங்கள்.

சொந்தப் பிரதிகளுக்கு மேல் பொதுப் பிரதி ஒன்று இருப்பது நல்லது. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் இடுகையின் முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லலாம், இலவசம். 2024 ஒக்டோபரில் அந்தத் தளமே தாக்கப்பட்டுப் பல நாள் முடங்கிக் கிடந்தது, ஆகையால் அதை மட்டும் நம்பி இருக்கலாகாது. மலர், சஞ்சிகை, துண்டுப்பிரசுரம் போன்றவற்றுக்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. மலையக ஆவணங்களும் அங்கே சேர்க்கப்படுகின்றன. ஊவாத் தோட்டங்களிலிருந்து போக வேண்டியவை இன்னும் நிறைய உண்டு. பிறர் எழுதியதானால் அவரிடம் அனுமதி கேட்டு அனுப்புங்கள்.

அடுத்த அத்தியாயம் படங்களை ஸ்கேன் செய்வது பற்றியது. அதைப் பிரிக்கும் முன் போனை எடுத்து டேக்அவுட்டில் புளொக்கரைத் தெரிவு செய்து அனுப்பிவிடுங்கள். கோப்பு தயாராகும் இடைவெளியில், ஊவாவுக்கு வெளியே அதை வாங்கி வைக்கப்போகிறவருக்கு ஒரு கோல் போட்டுச் சொல்லிவிடுங்கள்.